நடுக்கிண்ணம்

மார்ச் 18, செவ்வாய்

குடோன் முதலாளி போன வருஷத்து டைரி ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். ஒரு பக்கம்கூட எழுதாதது. வாயைத் திறக்காத பிள்ளை எழுதவாவது செய்யட்டும் என்றாராம். தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் தப்பு. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு நானே மேலே எழுதிக்கொள்கிறேன்.

முதல் பக்கத்தில் எங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. என் பெயர் நாகஜோதி. வீட்டில் சோதி. ஊர் போடி. அப்பா ராசாங்கம் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பு ஆட்களை மலைக்கு, ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப் போவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். அம்மா போதுமணி, போன வருஷம் வரை குடோனில் ஏலக்காய் பிரித்தாள். இப்போது அவள் இடத்தில் மத்தியானத்துக்கு மேல் நான் உட்காருகிறேன்.

அம்மாவுக்கு வந்தது இப்படித்தான். ஒருநாள் குடோனில் தரையில் உட்கார்ந்தவள் எழ முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு கை தலைக்கு மேலே போகவில்லை. கண் இமை இரண்டும் ஊதாவாயின. விரல் முட்டிகள் சிவந்து தடித்தன. வெயிலில் நின்றால் கழுத்தும் மார்பும் நெருப்பாக எரிந்தன.

இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ரத்தத்தில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்த ஏதோ ஒரு கணக்கு இப்போது எண்ணூறுக்கு இறங்கியிருக்கிறதாம். டாக்டரம்மா அம்மாவை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். மூன்றாவது தடவை எழுந்துவிட்டாள்.

“எப்ப டாக்டர் முழுசா சரியாகும்?” என்று அப்பா கேட்டார்.

“இது தசையில வர்ற அழற்சிங்க. உடம்பைக் காவல் காக்குறதே உள்ள பூந்து தசையை அடிக்குது. விரட்ட முடியாது, அடக்கி வைக்கலாம். அடக்கி வச்சா நடக்கலாம், சமைக்கலாம், பஸ் ஏறலாம். சக்கரை மாதிரி இது கூடவே இருக்கும்.”

நோய்க்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அம்மா அதைச் சொல்ல மாட்டாள். “அந்த ரயில்வண்டிப் பேரு” என்பாள்.

மாத்திரைகளை டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வெள்ளை, காலையில் சாப்பிட்டதும். அதை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக்கூடாது. சின்ன மஞ்சள் இரண்டு வகை. ஒன்று வாரத்துக்கு ஒருநாள் மட்டும், இரண்டு மாத்திரை. மற்றது வைட்டமின், அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் ஒன்று. “புரிஞ்சுதாம்மா?” என்றார். தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேன்.

மார்ச் 21, வெள்ளி

அம்மாவுக்குக் காலையிலிருந்து குமட்டல். இது வழக்கம்தான். நேற்று வியாழன்.

அந்த வாரத்து மாத்திரைக்கு எந்தக் கிழமை வசதி என்று முதல் தடவையே டாக்டரம்மா கேட்டிருந்தார். “வியாழன்” என்று அம்மா பட்டென்று சொன்னாள். வெளியே வந்து காரணம் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை எப்பிடியும் ஒருபொழுதுதான. கொமட்டுனா கொமட்டிட்டுப் போகுது. ஞாயித்துக்கெழமை கறியெடுக்குற அன்னைக்கு எவ கொமட்டிக்கிட்டு இருப்பா?”

சாயங்காலம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தோள் வரை போனது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. “இன்னும் நாலு வெரக்கட. அப்பறம் ஒனக்கு நான்தான் சடை போடுவேன்” என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன்.

அம்மாவின் விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கின்றன. அட்டையை அழுத்தி மாத்திரை எடுக்கப் படாதபாடு படுகிறாள். நேற்று ஒன்று தெறித்துப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. “விடு, எலியாவது தெம்பா எந்திரிச்சு ஓடட்டும்” என்றாள். சிரித்தாலும் கண்ணில் தண்ணீர் நின்றது.

பரணில் அம்மாவின் கல்யாணச் சீர் அஞ்சறைப் பெட்டி கிடந்தது. உள்ளே ஏழு கிண்ணம். ஏழு கிழமை! புளி போட்டுத் தேய்த்து, சீரக வாசம் போக வெயிலில் காயவைத்தேன். சுற்றி ஆறு கிண்ணமும் மற்ற நாட்களுக்கு. நடுக்கிண்ணம் வியாழனுக்கு. எல்லா அட்டைகளையும் உட்கார்ந்து உரித்து, வெள்ளையை ஒரு பாட்டிலில் போட்டேன். சின்ன மஞ்சள் இரண்டையும் சாப்பாட்டுத் தட்டில் இரண்டு குவியலாக வைத்தேன். இடது பக்கம் வியாழன் மாத்திரை, வலது பக்கம் வைட்டமின். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக் குவியல்தான். வியாழன் மாத்திரை இங்கே கிடைப்பதில்லை என்று அப்பா மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வந்திருந்தார். வெறும் அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அந்த நேரம் சிலிண்டர் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டு பீரோ மேல் இருந்தது. “ஓரமா வச்சிருக்கேன் கண்ணு, ஒண்ணும் சிந்தல” என்றார். குவியல் இரண்டும் அப்படியேதான் இருந்தன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

பெட்டியை நிரப்பினேன். மீதியைத் தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டு மூடினேன்.

பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா வந்து பார்த்தாள். அப்பாவின் அண்ணன் மனைவி, சிட்டம்மா பெரியம்மா. மூக்கில் விரல் வைத்தாள். “யாத்தே, டாக்டருக்கே வராத ரோசனையில்ல இது! பள்ளிக்கொடத்துக்குப் போகாட்டியும் என்னா புத்தி பாரு!” அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் இரண்டு பேருக்குக் காட்டினார். அம்மா கிண்ணத்துக்குள் விரலை விட்டு, அழுத்தாமல், நோகாமல், மாத்திரையை எடுத்துப் பார்த்தாள்.

மார்ச் 24, திங்கள்

தட்டை அப்பா அப்படியேதான் வைத்திருப்பார். திருப்பி வைக்க என்ன காரணம் இருக்கிறது? சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 26, புதன்

அம்மா வாந்தி எடுத்தாள். வெயில் கொளுத்துகிறது. குடோனில் இன்று இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

என்னைப் போல் சொத்தைக் காய் பொறுக்க ஆளில்லை என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார். பச்சையில் எத்தனை பச்சை உண்டென்று எனக்குத் தெரியும். எனக்குத் தலை நிமிரவில்லை.

மார்ச் 29, சனி

மருந்துக் கடைக்குப் போனேன். சின்ன மஞ்சளில் ஒவ்வொன்றை எடுத்துத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எதில் எது என்று எழுதிக் கொண்டு போனேன். அண்ணே, இது ரெண்டுல எது தினம் போடுறது? இவ்வளவுதான் கேட்க வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் ஏழெட்டு ஆம்பளைகள் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒருத்தர், எனக்குப் பின்னால் வந்த ஒருத்தர், அவருக்கும் பின்னால் வந்தவர் என்று எல்லோரும் வாங்கிப் போனார்கள். கடைசியில் கடைக்காரர், “என்ன பாப்பா, ரொம்ப நேரமா நிக்கிற?” என்றார். எல்லோரும் திரும்பினார்கள்.

“தைலம்” என்றேன்.

தைலம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா நெற்றியில் தேய்த்துவிட்டேன். “எதுக்குடி இது, எனக்குத் தலவலின்னு யாரு சொன்னா?” என்றாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றது அம்மாவுக்காக என்று ஊரெல்லாம் பேச்சு. முழுக்க அப்படி இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தம் வராது. வாய் மட்டும் அசையும். பின் பெஞ்சில் சிரிப்பார்கள். அம்மா விழுந்ததும் நான் நின்றுகொண்டேன். டீச்சர் வீடு தேடி வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றேன். “அம்மாவுக்காகப் படிப்ப விட்டுருச்சு எம்புள்ள” என்று அப்பா சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அம்மாவுக்கு ரசம்கூட நாக்கில் எரிகிறது. தயிர்சாதம் இரண்டு வாய். பாட்டில் தூக்கவில்லை. “நாளைக்குத் தூக்குறேன்” என்றாள்.

பெட்டியில் காலியாகும் கிண்ணத்தை அன்றன்றைக்கே மறுபடி நிரப்பிவிடுகிறேன்.

ஏப்ரல் 5, சனி

அம்மாவின் வாய் முழுக்கப் புண். உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், தொண்டை வரைக்கும். நேற்று சாயங்காலமே காய்ச்சல். காலில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

பெரியம்மா வந்து அம்மாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா வந்திருக்கா. சித்திரை பெறக்கப் போகுதுல்ல, வீரபாண்டிக் கோயில்ல திருவிழா சாட்டப் போறாக. கேட்டு வந்துட்டா” என்றாள். பத்தே நிமிடத்தில் வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கி, கழுவிய தரையில் வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தார்கள். இனி வீட்டில் தாளிக்கக் கூடாது. இளநீர், மோர், பழையது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை வாசல் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி, மாத்திரை என்ற பேச்சே கூடாது.

“மாத்திரையவுமா மதினி?” என்று அப்பா கேட்டார்.

“இங்கிலீசு மாத்திரையக் குடுத்து ஆத்தாள வெரட்டுவியா? கண்ண எடுத்துக்கிட்டுப் போயிருவா, பாத்துக்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் போய் அஞ்சறைப் பெட்டியை மூடிப் பரணில் வைத்தேன்.

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆத்தாதான் வந்திருக்கிறாள், வேறெதுவும் இல்லை என்று. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளையை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே இருக்கிறது.

காலையில் ஒரு வெள்ளையை எடுத்து மோரில் கரைத்தேன். வெள்ளையில் குழப்பமில்லை, பெரியது, அதை யாரும் மாற்றி எடுக்க முடியாது. ஆனாலும் டம்ளரோடு அடுப்படியிலேயே நின்றேன். என் கையால் இனி எதைக் கொடுப்பது? பெரியம்மா உள்ளே வந்தாள். டம்ளரை முற்றத்தில் கொட்டிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆத்தா வந்த வீட்டு ஜீப்பில் ஏற யாரும் தயாரில்லை. அப்பா வீட்டில்தான் இருக்கிறார். ஜீப்பைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்.

அம்மாவின் பையில் சேலை எடுக்கப் போனேன். அடியில் வைட்டமின் அட்டை ஒன்று இருந்தது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதில் மூன்று மாத்திரை மீதி. ஒன்றை உரித்து உள்ளங்கையில் வைத்தேன். நடுவில் ஒரு கோடு ஓடியது, ஏலக்காயின் முதுகில் இருப்பது போல மெல்லிசாக.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். புதன் கிண்ணத்தில் இருந்ததை எடுத்தேன். கோடு இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, எதிலும் கோடு இல்லை.

நடுக்கிண்ணத்தில் இருந்த இரண்டில் கோடு இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

அம்மா ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது. தலையைத் தூக்க முடியவில்லை. கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் திறக்கிறாள். புள்ளிகள் தொடை வரை வந்துவிட்டன.

அப்பாவிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டாவது தடவை பெரியம்மா கூட இருந்தாள். மூன்றாவது தடவை தனியாக இருந்தார். “அப்பா” என்றேன். தலையில் கை வைத்து, “நீ இல்லைன்னா இந்த வீடு என்னாகும் கண்ணு” என்றார். என் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

நேற்று காலை இரண்டாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட அண்டாவைப் பெரியம்மா வெயிலில் வைத்திருந்தாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் தள்ளி நின்றிருந்தார்கள். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தபோது அவள் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. யாரோ, “ஆத்தா எறங்குறா” என்றார்கள். வாய் ஓரத்தில் ரத்தக்கோடு.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அப்பா ஜீப் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஆத்தா இல்லப்பா.”

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். என் சத்தம் எனக்கே யாரோ கத்துவது போல் இருந்தது.

“ஆத்தா இல்லப்பா. நான்தான். மாத்திரைய மாத்திப் போட்டுட்டேன். வியாழக்கெழம மட்டும் போடுறத தெனமும் குடுத்துட்டேன். நான்தான் அம்மாவ இப்பிடி ஆக்குனேன்.”

தெருவே நின்றுவிட்டது. பெரியம்மா வாசலுக்கு வந்து, “வாயக் கழுவுடி! தீட்டு வீட்டுல நின்னு என்ன பேச்சு பேசுற! ராசாங்கம், புள்ளைக்கு பயத்துல பெரட்டுது, நீ உள்ள வா” என்றாள்.

அப்பா பெட்டியை வாங்கித் திறந்தார். மூடினார். உள்ளே போய் அம்மாவை இரு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தார். பெரியம்மா குறுக்கே நின்றாள். “மூணாந் தண்ணி ஊத்தாம வாசத் தாண்டுனா குடும்பத்துக்கே ஆகாதுடா!”

“தள்ளுங்க மதினி.”

பின் சீட்டில் அம்மாவின் தலை என் மடியில். அவள் முடியில் வேப்பிலை சிக்கியிருந்தது. பிய்த்துப் போடவில்லை. எனக்கு ஆத்தாவிடமும் பயமாக இருந்தது.

அவசரப் பிரிவில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போன பிறகு டாக்டரம்மா வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை விரலில் எடுத்துப் பார்த்தார். “இதை யார் அடுக்கினது?”

“நான்.”

“எப்ப தெரிஞ்சது?”

நேற்று முன்தினம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். “சந்தேகம் மொத நாள்ல இருந்தே இருந்துச்சு” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் முகத்தில் வந்து நின்று, பிறகு போனது. “ஆஸ்பத்திரி நம்பர் சீட்டுல இருக்கேம்மா. ஒரு போன் போட்டிருக்கலாமே” என்றார். போனில் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே நின்றபோது அது ஒரு காரணமாகவே தெரியவில்லை.

அந்த மாத்திரை அளவோடு போனால் நோயை அடக்குமாம். தினமும் போனால் ரத்தம் ஊறுகிற இடத்தையே அடைத்துவிடுமாம். அதனால்தான் புண், ரத்தக் கசிவு, புள்ளி. வெள்ளையைச் சட்டென்று நிறுத்தியது இரண்டாவது அடி. “இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. இப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது” என்றார்.

முறிவுக்கு ஊசி போடுகிறார்கள். அது என்ன என்று கேட்டேன். நானாகத்தான் கேட்டேன். “அந்த வைட்டமின் இருக்கே, அதோட உடன்பிறப்பு மாதிரி ஒண்ணு” என்றார்.

நடுக்கிண்ணத்தில் நான் அடைத்துவைத்தது அதைத்தான்.

ஏப்ரல் 12, சனி

அம்மா தனி அறையில். உள்ளே விடவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ரத்தம் ஏற்றினார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை. டீ வாங்கி வருகிறார். என் டீயைப் பக்கத்தில் பெஞ்சில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக் குடிக்கிறார். அடித்தால் தேவலை.

ஏப்ரல் 15, செவ்வாய்

“தட்ட நான்தான திருப்பி வச்சேன்” என்றார் அப்பா. நாலு நாளில் முதல் பேச்சு. அவர் குரலைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது.

“நீங்க சும்மா எடுத்து வச்சீங்க. நான்தான் கேக்கல.”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் தப்பில் அவரும் பங்கு எடுத்துக்கொள்வதைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 19, சனி

வெள்ளை அணுக்கள் ஏறுகின்றன. முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போகலாம் என்றார்கள்.

அம்மா பாதியாகிக் கிடந்தாள். கஞ்சி கொடுத்தேன். நாலு ஸ்பூன் விழுங்கினாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, குவியல், மருந்துக் கடை, தைலம், கோடு, ஆத்தா வந்தாள் என்றதும் எனக்கு வந்த நிம்மதி. பள்ளிக்கூடத்தையும் சொன்னேன்.

கண்ணை மூடியே கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “வெள்ளிக்கெழமை வர்ற கொமட்டல் தெனமும் வந்துச்சுடி. எனக்குத் தெரியாதா?”

எனக்குப் புரியவில்லை.

“பெட்டி வச்ச ரெண்டாம் நாளே தெரிஞ்சுச்சு, என்னமோ மாறியிருக்குன்னு. கேக்கலாம்னு பாத்தேன். நீ அம்புட்டு ஆசையா தேச்சு வச்சிருந்த. ஒங்கப்பன் ஊருக்கே காட்டிக்கிட்டு அலைஞ்சாரு. ஒன்னையப் பத்தி நாலு பேரு நல்லதாப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். கேட்டா மொகம் சுண்டிப் போகும்னு விட்டுட்டேன்.”

“அதுக்காக முழுங்குனியா?”

“வெயிலாக்கூட இருக்கும்னு நெனச்சேன்” என்றாள். நானும் அதைத்தான் டைரியில் எழுதியிருந்தேன்.

கண்ணைத் திறந்து, “நீ கடைக்காரன்ட்ட கேக்கப் பயந்த. நான் ஒன்ட்ட கேக்கப் பயந்தேன். நல்ல ஆத்தா, நல்ல மக” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துவிட்டேன்.

இதைக் கேட்டதும் பாரம் குறையும் என்று யாராவது நினைக்கலாம். குறையவில்லை. தெரிந்தே விழுங்கியிருக்கிறாள், என் முகம் வாடக் கூடாது என்று.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். படுத்துக் கிடந்ததில் அம்மாவின் கால் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. நாற்காலியிலிருந்து எழ நான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதமாக ஏறிய படியெல்லாம் இறங்கியாயிற்று. பாட்டிலில் கால்வாசித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மணிக்கட்டு வரைதான் தூக்கினாள்.

மே 13, செவ்வாய்

பெரியம்மா வீரபாண்டிக்குப் போய் அம்மாவுக்காக அக்னிச்சட்டி எடுத்துவிட்டு வந்தாள். ஒரு மாதமாக எங்கள் வாசல் மிதிக்காதவள், இன்று வந்து அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். எனக்கும் பூசினாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

“கோயில்ல நின்னப்பத்தான் எனக்கு வெளங்குச்சு” என்றாள். “பேசாத புள்ள அன்னைக்குத் தெருவுல நின்னு எப்பிடிப் பேசுச்சு? ஆத்தாதான்டி ஒன் வாயில வந்து பேசுனா. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல.”

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பெரியம்மா பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள்.

“இல்ல பெரியம்மா. மாத்துனதும் நான்தான், பேசுனதும் நான்தான்.”

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, “அவ அப்பிடித்தான்க்கா, இப்ப வாய் வந்துருச்சு” என்றாள்.

ஜூன் 5, வியாழன்

ரத்தக் கணக்கு சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார். வியாழனில் ஒன்றே ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். வாங்க நானே போனேன்.

இன்றும் கடையில் கூட்டம். என் முறை வந்ததும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். “அண்ணே, இது தினம் போடுறதா, வாரத்துக்கு ஒருநாளா?”

“தெரியாமயா வாங்க வந்த? வாரத்துக்கு ஒண்ணு.”

“தெரியும். நீங்க ஒருவாட்டி சொல்லுங்கன்னுதான் கேட்டேன்.”

பக்கத்தில் நின்ற ஒருத்தர் சிரித்தார். முகம் சூடாகியது. ஆனாலும் நின்று, அட்டையின் மேலே கடைக்காரரையே பெரிதாக ‘வியாழன் மட்டும்’ என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா அட்டையை அவளே வாங்கி அழுத்தினாள். கட்டைவிரல் வழுக்கியது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெகு நேரம் ஆயிற்று. கடைசியில் மாத்திரை அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். கோடு இல்லை. தலையாட்டப் போனேன். அவள் விழுங்காமல் காத்திருந்தாள்.

“வியாழன். இன்னைக்கு வியாழன். போடும்மா” என்று வாய் திறந்து சொன்னேன்.

அஞ்சறைப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். “என் கல்யாணச் சீர எடைக்குப் போடுவியா? கழுவி சாமானப் போட்டு வையி” என்று அதட்டிவிட்டாள். இப்போது அது அடுப்படியில், அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடுகு, உளுந்து, மிளகு, வெந்தயம், சோம்பு, மஞ்சள். நடுவில் சீரகம்.

மத்தியானம் ரசத்துக்குத் தாளிக்க அம்மாவே எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றாள். “சீரகம் எடு” என்றாள்.

பெட்டியைத் திறந்தேன். கை வியாழனுக்கு மேலே போய் நின்றுவிட்டது.

“என்னடி, எண்ணெ காயுது.”

கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சீரகம்தான். போட்டேன்.